அடுக்களையில் வாழ்ந்த அக்னி

கிரகப்பிரவேசம் செய்து வைக்கும் சாஸ்திரிகளிடம் அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வி கேட்கப்படுகிறது. "எங்கள் வீட்டில் தீ எரிகிற அடுப்பே கிடையாது. மின்சார அடுப்புதான். அதில் பால் காய்ச்சினால் சரியாகுமா?" அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புது வீடு வாங்குவோரில் சிலர் விரும்பியே இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறியிருக்கிறார்கள். வெளிநாடுகளில் குடியேறியவர்களில் பலருக்கு, வாடகைக்குக் கிடைத்த வீட்டில் இருப்பதே அதுதான். ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கப்படாமல் மூன்று வேளையும் சமையல் நடக்கிற வீடுகள் பெருகி வருகின்றன.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் மரபு மிகப் பழையது. வீடு என்பதைச் சுவரும் கூரையும் கொண்டு நம் முன்னோர் அடையாளம் காணவில்லை. அங்கே அக்னி வாழ்கிறானா என்பதைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். வேத வேள்விக்குரிய மூன்று தீக்களில் முதலாவதற்குக் கார்ஹபத்யம் என்று பெயர். கிருஹபதிக்கு, அதாவது இல்லத்தலைவனுக்கு உரிய அக்னி என்பது அதன் பொருள். வட்ட வடிவான குண்டத்தில் இருக்கும் இந்தத் தீயிலிருந்தே, சதுரமான ஆஹவனீயத்துக்கும் அரைவட்டமான தக்ஷிணாக்னிக்கும் நெருப்பு எடுக்கப்படும். தேவர்களுக்கு ஆஹுதி சேர்க்கும் பெருந்தீயானாலும் அதன் ஊற்று வீட்டுத் தீயே. தமிழ்ச் சான்றோரும் இந்த முத்தீயை அறிந்திருந்தனர். இமயத்தில் அந்தணர் மாலைக் கடன் ஆற்றும் முத்தீயின் ஒளியில் மான்கள் அச்சமின்றி உறங்குவதைப் புறநானூற்றின் இரண்டாம் பாட்டு காட்டுகிறது. திருமுருகாற்றுப்படையும் முத்தீயைப் போற்றுகிறது.

பெரும் வேள்விகள் எல்லோராலும் இயல்வன அல்ல. ஆகவே ஒவ்வொரு இல்லறத்தானுக்கும் எளியதாக விதிக்கப்பட்டது ஔபாசனம். திருமணத்தன்று எந்த அக்னியின் முன் கைப்பிடித்தார்களோ, அதே அக்னியை வீட்டுக்குக் கொண்டுவந்து, உமியிட்டுக் கனன்றுகொண்டே இருக்கச் செய்து, காலையும் மாலையும் ஒரு கைப்பிடி அரிசியால் ஆஹுதி கொடுப்பது அது. மனைவி இல்லாமல் ஔபாசனம் இல்லை. கணவன் ஊரில் இல்லாத நாளில் அந்தத் தீயைப் பேணும் உரிமையும் கடமையும் அவளுக்கே உண்டு. காஞ்சி மகாசுவாமிகள் தம் அருளுரைகளில் ஔபாசனத்தைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறார். அதற்குப் பெரிய செலவும் இல்லை, நேரமும் அதிகம் வேண்டாம் என்று எடுத்துக் கூறி, கைவிட்டவர்களும் மீண்டும் தொடங்கும்படி வேண்டினார்.

மணநாளில் ஏற்றிய அந்தத் தீ கடைசிவரை உடன் வரும். இல்லறத்தான் மறைந்தால் அவன் பேணிய அக்னியே அவன் உடலுக்கும் இடப்பட வேண்டும் என்பது முறை. ஔபாசனம் அறியாத குடும்பங்களிலும் இதன் நிழல் உண்டு. மகன் கொள்ளிச்சட்டி ஏந்தி வீட்டிலிருந்தே நெருப்பைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போகிறான். துக்கம் நிகழ்ந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. பங்காளியோ பக்கத்து வீட்டாரோ சோறு சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அடுப்பு எரியவில்லை என்பதே அங்கே துக்கத்தின் அறிவிப்பு. வறுமைக்கும் அதுவே அடையாளம். அடுப்பில் பூனை தூங்குகிறது என்று இன்றும் சொல்கிறோம். பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர், குமண வள்ளலிடம் தம் இல்லத்தின் நிலையைச் சொல்லும்போது, சமையலை மறந்தே போன அடுப்பில் காளான் பூத்திருப்பதாகச் சொல்கிறார். பசியைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். அந்த ஒரு காளான் போதும்.

மண்ணில் பிடித்த தெய்வம்

சாஸ்திர அக்னி ஒருபுறம் இருக்கட்டும். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் வழிபட்ட தீ, அடுப்பங்கரையில் இருந்த மண் அடுப்பில்தான் இருந்தது. களிமண்ணோடு வைக்கோல் துணுக்கும் உமியும் சேர்த்துப் பிசைந்து, வீட்டுப் பெண்களே அதைப் பிடிப்பார்கள். பானை உட்கார மூன்று குமிழ்கள். பக்கத்தில் ஒட்டினாற்போல் கோடி அடுப்பு. அதற்குத் தனியே விறகு கிடையாது. பெரிய அடுப்பின் தழல் உள்வழியாக ஊர்ந்து அங்கே போய், குழம்பையோ பாலையோ சூடாக வைத்திருக்கும். மேலே பரணில் அடுத்த வாரத்துக்கான விறகு அதே புகையில் காய்ந்துகொண்டிருக்கும். எரிந்து முடிந்த சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும். ஒன்றும் வீணாகாத அந்த ஏற்பாட்டை இன்றைய பொறியாளர்களும் வியக்கலாம்.

நாளின் முதல் வேலை, முந்தைய நாளின் சாம்பலை அள்ளிவிட்டு அடுப்பைச் சாணமிட்டு மெழுகுவது. பிறகு அதன்மேல் கோலம்; வெள்ளிக்கிழமையானால் செம்மண் காவியும் சேரும். அதன் பின்னரே தீ. அடுப்பைத் தாண்டக் கூடாது. அதன்மீது கால் படக் கூடாது. எச்சில் பட்ட எதையும் அதில் போடக் கூடாது. சில வீடுகளில் உலையில் அரிசி இடுவதற்கு முன் நாலு மணி அரிசியை நெருப்பில் போடுவார்கள். மந்திரம் இல்லை, புரோகிதர் இல்லை. செய்தவர்கள் அதை ஹோமம் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் ஔபாசனத்தின் கைப்பிடி அரிசிக்கும் இந்த நாலு மணி அரிசிக்கும் உறவு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

இரவில் அடுப்பை அணைக்க மாட்டார்கள் என்பது அடுத்த செய்தி. கங்குகளைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். நீறு பூத்த நெருப்பு என்னும் சொல்லாட்சி அங்கே பிறந்ததுதான். விடிந்ததும் சாம்பலை விலக்கி, சுள்ளி வைத்து ஊதினால் நேற்றைய தீயே இன்றைக்கும் எழும். தப்பித் தவறி அணைந்து போனால் அண்டை வீட்டுக்குக் கொட்டாங்கச்சியோடு போய் இரண்டு கங்கு வாங்கி வரவேண்டும். விளக்கு வைத்த பிறகு நெருப்புக் கொடுப்பதில்லை என்று சில வீடுகளில் கட்டுப்பாடும் உண்டு. மொத்தத்தில், தீ என்பது தினமும் உண்டாக்குகிற பொருளாக இருக்கவில்லை. பேணிக் காக்க வேண்டிய ஓர் உயிராகவே இருந்தது.

அடுப்பு செய்யும் குற்றம்

இவ்வளவு புனிதமான அடுப்பைப் பற்றி ஸ்மிருதி சொல்லும் ஒரு செய்தி முதன்முறை கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது மனுஸ்மிருதி. அடுப்பு, அரைக்கும் கல், துடைப்பம், உரல், நீர்க்குடம். இவற்றுள் முதலில் நிற்பது அடுப்பு. விறகில் ஒளிந்த பூச்சி, கல்லில் நசுங்கும் எறும்பு, நீரில் மடியும் நுண்ணுயிர் என, நாம் ஒருவேளை உண்பதற்குள் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தவிர்க்கவும் முடிவதில்லை. அதனால்தான் அந்தக் கடனைத் தீர்க்க நாள்தோறும் ஐந்து மகாயக்ஞங்கள் விதிக்கப்பட்டன: ஓதுவதால் ரிஷிகளுக்கு, தர்ப்பணத்தால் பித்ருக்களுக்கு, ஆஹுதியால் தேவர்களுக்கு, பலியிடும் அன்னத்தால் பறவை முதலிய உயிர்களுக்கு, உபசாரத்தால் விருந்தினர்க்கு. சமைத்தது எதுவாயினும் முதல் பங்கு தீக்கும், அடுத்தது வாயில்லா உயிர்க்கும், பிறகு விருந்துக்கும் போன பின்பே வீட்டுக்காரனின் இலைக்கு வரும். வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்தும்போது அவனைக் கடைசியிலேயே நிறுத்துகிறார்.

அடுப்பு தெய்வமானது இந்த வரிசையால்தான் என்பது என் எண்ணம். சுவாலை அழகாக இருந்ததால் அல்ல. உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை நாள்தோறும் நினைவூட்டிய இடம் அது. வாழை இலை நுனியில் காக்கைக்கு வைத்த சோறும், திண்ணையில் வந்து அமர்ந்த வழிப்போக்கனுக்கு இட்ட சோறும் அந்த நினைவூட்டலிலிருந்து வந்தவை.

புகை என்னும் விலை

பழைய அடுப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விறகுச் சோற்றின் மணத்தைச் சொல்லி நெகிழ்வார்கள். மண்பானைக் குழம்பின் ருசி உண்மைதான். ஆனால் அந்த ருசிக்கு விலை கொடுத்தவர்கள் உண்டவர்கள் அல்லர். சன்னல் இல்லாத அடுக்களையில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரவிறகை ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்கள்தான் கொடுத்தார்கள். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று ஒரு பழமொழியையே உண்டாக்கி வைத்தோம். கண்பார்வை மங்கியதையும் தீராத இருமலையும் வயதின் கணக்கில் எழுதினோம்.

இன்று அந்தக் கணக்கு வேறு விதமாக எழுதப்படுகிறது. வீட்டுக்குள் எரிக்கப்படும் விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய்கள், குழந்தைகளின் நிமோனியா எனப் பட்டியல் நீள்கிறது.

சாஸ்திரம் புகையைப் போற்றியதா? இல்லை. நன்கு மூண்டு சுவாலை அசையும் தீயில்தான் ஆஹுதி இட வேண்டும் என்கிறது முண்டக உபநிஷதம். வாயால் நெருப்பை ஊதலாகாது, காலைக் காய்ச்சலாகாது, அசுத்தமானதைத் தீயில் இடலாகாது என்று மனுஸ்மிருதி விலக்குகளை அடுக்குகிறது. தீயின் மரியாதையைக் காக்க இத்தனை விதிகள் செய்தவர்கள், அந்தத் தீயின் முன் நாளெல்லாம் அமர்ந்திருந்தவளின் கண்ணுக்கும் ஒரு விதி செய்திருக்கலாம். ஆகவே புகை இல்லாத அடுப்பு வந்ததை மரபுக்கு நேர்ந்த இழப்பாக நான் கருதவில்லை. 1950-களில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்னும் பொறியாளர் புகைபோக்கி பொருத்திய மண் அடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கும் புகையற்ற அடுக்களை வேண்டும் என்று நூலே எழுதினார். அக்னிக்குச் செய்த தொண்டுகளில் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

தீக்குச்சியிலிருந்து பொத்தான் வரை

வீட்டுத் தீயின் வாழ்க்கை எரிவாயுவால்தான் மாறியது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் முதல் மாற்றத்தைக் கொண்டுவந்தது தீப்பெட்டி. 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலை வளர்த்தார்கள். சில காசுக்குத் தீப்பெட்டி கிடைத்த பிறகு கங்கைச் சாம்பலில் மூடிக் காப்பாற்ற வேண்டிய தேவை என்ன? அண்டை வீட்டுக்குக் கொட்டாங்கச்சியோடு போக வேண்டிய தேவைதான் என்ன? பரம்பரையாக வந்த தீ, வேளைக்கு வேளை பிறந்து வேளைக்கு வேளை மடியும் தீயாயிற்று. யாரும் கவனிக்காமலேயே நடந்த மாற்றம் அது.

அதன் பின் கரி போட்ட குமுட்டி, மரத்தூள் அடுப்பு, பம்ப் ஸ்டவ், ரேஷன் மண்ணெண்ணெயில் எரிந்த திரி ஸ்டவ் எல்லாம் வந்து போயின. 1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் சமையல் எரிவாயு விற்பனையைத் தொடங்கியது. 1965-இல் கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு வழங்கப்பட்டது. தொடக்கத்தில் அதைக் கண்டு அஞ்சினார்கள்; பின்னர் அதற்காகப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வைதிகக் குடும்பங்களில் சில, அன்றாடச் சமையலுக்கு எரிவாயுவை ஏற்றுக்கொண்டு, திவசச் சமையலை மட்டும் குமுட்டியிலோ விறகிலோ செய்தன. 2007 வாக்கில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் 58.6 விழுக்காடு. அதாவது அப்போதும் பத்தில் நான்கு குடும்பங்களில் புகை ஓயவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சலாமா என்று ஐயப்படும் நாம் அந்த வீடுகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எரிவாயு வந்ததும் அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. பெண் எழுந்து நின்றாள். 14.2 கிலோ எரிவாயு அடங்கிய ஓர் இரும்பு உருளை அவள் முதுகை நிமிர்த்தியது என்றே சொல்லலாம். அடுப்பின்மேல் கோலம் போடுவது மட்டும் நின்றுபோனது. பொங்கல், தீபாவளி நாட்களில் எரிவாயு அடுப்பின் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவ்வளவுதான் மிச்சம். வீட்டின் கடைசி அறையாக, தென்கிழக்கு அக்னி மூலையில் ஒதுங்கியிருந்த அடுக்களையும் இப்போது கூடத்தோடு கலந்துவிட்டது. இதில் எனக்கு வருத்தமில்லை. மடி, தூய்மை என்னும் பெயர்களில் அந்த அறையின் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் பலர். கதவே இல்லாத அடுக்களை யாரையும் நிறுத்துவதில்லை.

இனி, கேள்வியாய் வந்த இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் சுவாலை இல்லை. அடியில் உள்ள கம்பிச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்க, வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கிறது. பாத்திரமே அடுப்பாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையின் புறநகர் ஒன்றில், பதினான்காவது மாடியில் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்துக்குச் சென்றிருந்தேன். குடியிருப்பில் புகை எச்சரிக்கைக் கருவி இருந்ததால் ஹோமத்தைக் கீழே தோட்டத்தில் முடித்துவிட்டு, பால் காய்ச்ச மேலே வந்தார்கள். வீட்டின் மூத்த அம்மாள் கருப்புக் கண்ணாடிப் பலகை போலிருந்த அடுப்பைக் குனிந்து பார்த்தார். "ஏன்டா, இதிலே நெருப்பையே காணோமே? பால் எதிலே பொங்கும்?" என்று பேரனைக் கேட்டார்.

பேரனுக்குப் பதில் தெரியவில்லை. சாஸ்திரிகள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கவலைப்படாதீங்கோ மாமி. பூமியிலே நெருப்பு, அந்தரத்திலே மின்னல், ஆகாசத்திலே சூரியன்னு அக்னிக்கு மூணு இடம் வேதத்திலேயே உண்டு. இது நடுவிலே இருக்கிறவர். கண்ணுக்குத் தெரியலேன்னா என்ன? வயித்துக்குள்ளே இருக்கிற வைச்வாநரன் மட்டும் கண்ணுக்குத் தெரியறானா?"

பால் பொங்கியது. அம்மாளும் சமாதானமானார். சாஸ்திரிகள் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. அக்னியின் மூன்று இருப்பிடங்களை வேதம் பேசுகிறது. உயிர்களின் உடலில் வைச்வாநரனாக இருந்து நால்வகை உணவையும் செரிக்கச் செய்பவன் தானே என்று கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் பகவான் அருளுகிறான். ஆகவே மின்சார அடுப்பில் பால் காய்ச்சலாமா என்றால், தாராளமாகக் காய்ச்சலாம்.

ஆயினும் அந்தப் பதிலில் என் மனம் முழுவதும் நிறையவில்லை. பழைய தீ கவனிப்பைக் கேட்டது. விறகு தள்ளவில்லை என்றால் அணைந்தது. பார்க்காமல் விட்டால் பொங்கி வழிந்தது. தூய்மை செய்யவில்லை என்றால் புகைந்து கண்ணைக் கரித்தது. பொத்தான் எதையும் கேட்பதில்லை. நேரம் முடிந்ததும் தானே அணைகிறது. சோறு வெந்துவிட்டது என்று குக்கரின் விசில் அறிவிக்கிறது. காக்கைக்கு வைத்தாயா என்று கேட்க அதற்குத் தெரியாது. தீயைப் பேணும் வேலையோடு சேர்ந்து வந்த நினைவூட்டல், வேலை குறைந்ததும் தானாகவே குறைந்துவிட்டது. அதை வேறு எங்காவது நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

வைப்பதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. காஞ்சி மகாசுவாமிகள் சொன்ன பிடி அரிசித் திட்டம் இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. தினமும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியே ஒரு கலத்தில் போட்டு வைத்து, சேர்ந்ததை ஏழைகளின் அன்னத்துக்குக் கொடுப்பது அது. தீ இல்லாத அடுப்பின் பக்கத்திலும் அந்தக் கலத்தை வைக்கலாம். சுவாமி விளக்கை ஏற்றாத வீடு நம்மிடையே அரிது. வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே தீ அதுவாகவும் இருக்கக்கூடும். அதைக் குழந்தைகளின் கையால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஏற்ற வைப்பது நல்லது. நகரத்துப் பிள்ளைகளில் சிலர் தீக்குச்சி கிழிக்கவே அஞ்சுவதைப் பார்க்கிறோம்.

ஹோமம் செய்ய விரும்பும் அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு சிறு குறிப்பும் உண்டு. வெறுந்தரையில் குண்டத்தை வைக்க வேண்டாம். செங்கல் பரப்பி, மேலே மணல் கொட்டி, அதன்மேல் வையுங்கள். சமித்தும் வரட்டியும் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். புகைக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். சன்னல்கள் திறந்திருக்கட்டும். மணலும் நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எச்சரிக்கைக் கருவியைத் துணியால் மூடுவதைக் காட்டிலும், குடியிருப்புச் சங்கத்தாரிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ நடத்திக்கொள்வது மேல்.

ஊருக்கு ஓர் அடுப்பு

வீடுகளில் அணைந்த அடுப்புகள் சில இடங்களில் ஊருக்காக எரிந்துகொண்டிருக்கின்றன. பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் இன்றும் விறகுத் தீயில், மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தே பிரசாதம் சமைக்கப்படுகிறது. நம் பக்கத்தில் வடலூர் இருக்கிறது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வருவோர்க்குச் சாதி சமயம் கேளாமல் அன்னமிட ஏற்பாடு செய்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 21 அடி நீளமுள்ள அந்த அடுப்பின் முன் நிற்கும்போது, முத்தீயும் ஔபாசனமும் வைச்வதேவமும் எதைச் சொல்ல வந்தன என்பது விளக்கம் இல்லாமலேயே புரிகிறது. தனி மனிதர் ஒருவரின் இல்லத் தீ அல்ல அது. பசியோடு வரும் எவருக்கும் உரியது. அரிசியும் விறகும் எங்கெங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கின்றன. வடலூருக்குப் போகிறவர்கள் சபையில் ஜோதி தரிசனம் செய்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், தருமச்சாலைக்கும் சென்று அந்தத் தீயையும் தரிசித்து வர வேண்டும்.

இன்னொரு காட்சி திருவனந்தபுரத்தில். மாசி மாதத்து ஆற்றுக்கால் பகவதி பொங்காலை. மதுரையை எரித்த சினம் தணியாமல் சேரநாடு நோக்கி நடந்த கண்ணகி இங்கே தங்கி இளைப்பாறினாள் என்பது அவ்வூர் ஐதிகம். தீயால் நியாயம் கேட்டவளுக்குத் தீயில் பொங்கிய சோறே நிவேதனம். கோயிலைச் சுற்றிப் பல கல் தொலைவுக்குத் தெருவெல்லாம் பெண்கள். ஆளுக்கு மூன்று செங்கல், ஒரு மண்பானை, தென்னை ஓலையும் மட்டையும். கோயில் அடுப்பில் ஏற்றப்பட்ட தீ ஒருவர் அடுப்பிலிருந்து மற்றவர் அடுப்புக்குப் பரவுகிறது. முன்பின் அறியாத பெண்ணின் அடுப்பிலிருந்து ஓலைக் கொழுந்தில் நெருப்பு வாங்கித் தன் அடுப்பை மூட்டுகிறாள் ஒருத்தி. கொட்டாங்கச்சியில் கங்கு வாங்கிய பழைய நாட்கள் அந்த ஒரு காலைப்பொழுதில் திரும்பி வருகின்றன. 2009-ஆம் ஆண்டில் கூடிய பெண்களின் எண்ணிக்கை 25 லட்சம் என்று கின்னஸ் நூலில் பதிவாயிற்று. அவர்களில் பலரின் வீடுகளில் எரிவாயுவோ மின்சார அடுப்போதான் இருக்கும்.

பொங்கல் பொங்கி, தீர்த்தம் தெளிக்கப்பட்டு, பானைகளோடு எல்லோரும் வீடு திரும்பிய பின், தெருக்களில் லட்சக்கணக்கான செங்கற்கள் கரி படிந்து கிடக்கும். அண்மை ஆண்டுகளில் திருவனந்தபுரம் மாநகராட்சி அவற்றைத் திரட்டி, வீடில்லாத ஏழைகளுக்குக் கட்டித்தரும் வீடுகளுக்குக் கொடுக்கிறது. ஒரு நாள் அடுப்பாக இருந்த கல், அடுத்த சில மாதங்களில் யாரோ ஒருவரின் அடுக்களைச் சுவரில் இருக்கும்.